சாயல்குடி சாலை ஓலைப்பெட்டிக் கடை: சமையலறைக்கு வாங்குங்கள், ஷோகேஸுக்கு வேண்டாம்

ராமநாதபுரம் பக்கம் வருகிறோம், வீட்டுக்கு அழகாக ஏதாவது வாங்கணும், எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இந்தக் கடையைத்தான். ஏர்வாடியைத் தாண்டிச் சாயல்குடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடல் பக்கமாக ஒரு ஓட்டு வீடு. திண்ணைக்கு மேலே கயிறு கட்டிக் கலர் கலராகப் பனை ஓலைப்பெட்டி தொங்கும். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. வண்டியில் வேகமாகப் போனால் கண்ணில் படாமலே போய்விடும், அதனால் பதனீர் விற்கிறவர்களிடம் பெட்டி முடைகிற வீடு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், கை காட்டிவிடுவார்கள்.

கடை என்றால் ஒரு அக்கா, அவருடைய மாமியார், மத்தியானத்துக்கு மேல் வந்து உட்காரும் பக்கத்து வீட்டுப் பெண்கள், அவ்வளவுதான். முடைந்துகொண்டேதான் விற்பார்கள். முன்னால் தொங்குவதெல்லாம் ராமேசுவரம் போகிற வண்டிகளுக்காக: பேனா போடும் டப்பா, பூச்சாடி, செல்போன் உறை, தொப்பி. அதையும் நன்றாகத்தான் செய்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிற உள்ளூர் ஆட்களுக்கான சாமான்களைப் பாருங்கள். சோத்துப்பெட்டி, கருப்பட்டிக் கொட்டான் (கொட்டான் என்றால் சின்ன ஓலைக்கூடை), சுளகு (முறம்), கடகம் (அகன்ற ஓலைக்கூடை), விசிறி, மூடி போட்ட சின்னப் பெட்டிகள். என் கண்ணுக்கு அந்த வீட்டின் நிஜமான கைவேலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடி சதுரமாக இருக்கும், வாய் வட்டமாக இருக்கும். எங்கே சதுரம் முடிந்து வட்டம் ஆரம்பித்தது என்று விரலால் தடவிக்கொண்டே போனாலும் பிடிபடாது. அடியில் ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, நாலு மூலையையும் தூக்கி மடக்கி, அங்கிருந்து சாய்வாக மேலே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஏற ஏற மூலைகள் கரைந்து வாய் உருண்டு வந்துவிடுகிறது. விளிம்புக்கு ஈர்க்கை வைத்து, ஓலையைச் சுற்றிக் கட்டித் தைக்கிறார்கள். ஒட்டுவதற்குப் பசையில்லை, ஆணியில்லை. அளவு பார்க்கிற ஸ்கேல் கூட இல்லை, எல்லாம் விரல்கடையும் சாணும்தான். ரெண்டு எடுத்து ஒண்ணு விட்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே அந்த மாமியார் முடைவதை என் மகள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டின் கட்டங்களில் அதையே கலர் பென்சிலால் போட்டுப் பார்த்தாள். சாய்வாக ஒரு கோபுரம் எழும்பி வந்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! அதற்கப்புறம் அவள் வாசல் கோலத்தையும் புள்ளி எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள், என் சேலைக் கரையைக்கூட விடுவதில்லை.

ஓலை விஷயம் கொஞ்சம் சொல்கிறேன், வாங்கும்போது உதவும். நல்ல பெட்டிக்குக் குருத்தோலைதான். இன்னும் விரியாத இளம் ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, நடுவில் ஓடும் ஈர்க்கைக் கிழித்தெடுத்துவிட்டு, வேண்டிய அகலத்துக்கு வகிர்ந்துகொள்கிறார்கள். அதுதான் அந்தத் தந்த நிறம். முற்றின ஓலையில் செய்தால் பழுப்பாக, கொஞ்சம் முரடாக இருக்கும், கடகத்துக்கும் பெரிய கூடைக்கும் அதுவே போதும். கலர் வேண்டிய ஓலையைச் சாயப்பொடி கலந்த தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுக்கிறார்கள். காய்ந்த ஓலை மடக்கினால் ஒடிந்துவிடும் என்பதால் ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பதப்படுத்திக்கொண்டுதான் முடைகிறார்கள். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, அது ஏற ஏற ஓலை முறுக்கேறிக்கொள்ளும், அதனால் காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் கை வேகமாக ஓடும்.

நான் அங்கே வாங்கியதில் எனக்கு மிகவும் பிடித்தது கருவாட்டுப் பெட்டி. ஆமாம், கருவாட்டுப் பெட்டிதான். நெத்திலிக் கருவாடு போட்டு வைக்க என்று சொல்லித்தான் கேட்டேன், சும்மா வெள்ளை ஓலையில் ஒன்று கொடுத்தால் போதும் என்றும் சொன்னேன். அக்கா கொடுத்த பெட்டியிலோ மூடியைச் சுற்றிப் பச்சையும் ரோஸும் மாறி மாறி ஒரு கட்டம் ஓடுகிறது, மூடியின் உச்சியில் சின்னதாக நாலிதழ்ப் பூ. "கருவாட்டுக்கு எதுக்குக்கா இவ்வளவு வேலைப்பாடு?" என்று கேட்டேன். "தினம் கையில எடுக்கப்போறது இதைத்தானே தாயி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஓலையை எடுத்துவிட்டார்.

அதிலிருந்து என் வீட்டைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது என்று தயங்காமல் சொல்வேன். விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே எடுக்கிற பீங்கான் தட்டுகள் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன, ராமேசுவரத்தில் வாங்கிய சிப்பி பதித்த கண்ணாடியும் சங்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவை அழகுதான். ஆனால் அவற்றை யாரும் தொடுவதில்லை. என் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) காலையில் எழுந்ததும் முதலில் தொடுவது கோலப்பொடி வைத்திருக்கிற சின்னக் கொட்டானை. அப்புறம் வெற்றிலைப் பெட்டி. என் வீட்டுக்காரர் ராத்திரி கரண்ட் போனால் தேடுவது விசிறியை. சாயங்காலம் கனகாம்பரம் தொடுக்க உட்கார்ந்தால் பூ கிடப்பது ஒரு அகன்ற ஓலைத்தட்டில், அதன் ஊதா விளிம்புக்கு நடுவில் அந்த ஆரஞ்சுக் குவியலைப் பார்க்கும்போது தொடுக்கிற கை தானாக நின்றுவிடும். இதையெல்லாம் யாரும் சுவரில் மாட்டி வைக்கவில்லை, ஆனால் நாள் முழுக்க எங்கள் நாலு பேர் கையிலும் இந்த வேலைப்பாடு புழங்குகிறது.

அழகை விடுங்கள், எவ்வளவு நாள் உழைக்கும் என்பதையும் பார்க்கலாம். கடற்கரையில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்றில் தகர டப்பா துருப்பிடிக்கும், அலமாரிக் கீல் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் டப்பா வெயில் பட்டு வெளுத்து நொறுங்கும். ஓலைக்குத் துரு கிடையாது. முண்டு மிளகாய் வற்றலை (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர் மிளகாய்!) பிளாஸ்டிக்கில் அடைத்தால் உள்ளே ஈரம் கோத்துப் புழுங்கிப்போகிறது, ஓலைப்பெட்டியில் காற்றாடக் கிடக்கிறது. கருவாடும் அப்படித்தான். வாடை வெளியே வரும், அதைத் தவிர்க்க முடியாது, மாடத்தில் தனியாக வைத்துவிடுங்கள். கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும் என்று அந்தக் காலத்தில் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவார்கள். கேஸ் அடுப்பில் அதற்கு வழியில்லை, நான் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உலர்ந்த இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லணும். சாயம் முழுக்க நம்பக்கூடியதில்லை, ஈரம் பட்டால் ரோஸ் கலர் கொஞ்சம் இறங்குகிறது. அதனால் சோறு, இட்லி, ஈரமான பலகாரம் எதையும் கலர் ஓலையில் நேரடியாக வைக்காதீர்கள், வாழை இலை போட்டு வையுங்கள், அல்லது சாயம் போடாத வெள்ளை ஓலைப் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர மூலையில் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் அடிக்கிற நாளில் கொஞ்ச நேரம் காயவைத்தால் போதும், நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் கலர் வெளுத்துவிடும். சில பெட்டிகளின் மூடி புழங்கப் புழங்கத் தளர்ந்துபோகிறது, வாங்கும்போது மூடி கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். முனை கூராக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று உள்பக்கம் கைவிட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகள் கை விடுவார்கள்.

விலை பற்றி ஒரு வார்த்தை. மூடி போட்ட நடுத்தரப் பெட்டிக்கு அவர்கள் கேட்பது நகரத்துக் கைவினைக் கடைகளில் நான் பார்த்த விலையில் பாதிகூட இல்லை. தயவு செய்து பேரம் பேசாதீர்கள். ஓலை வெட்டப் பனையேறிக்குக் கூலி, சாயப்பொடி, அதற்குமேல் வேலைப்பாட்டுக்கேற்ப ஒரு நாளோ அதற்கும் கூடுதலோ உட்கார்ந்த உழைப்பு. மணப்பாட்டு ஓலைப்பொருளுக்கு நல்ல பெயர் இருக்கிறது, செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, இந்தத் திண்ணைக்கு அப்படி எதுவும் இல்லை. வாங்குகிறவர்கள் கொடுக்கிற காசுதான். இன்னொன்று, ஓலை முன்னைப்போலக் கிடைப்பதில்லை என்கிறார்கள். மரம் இருக்கிறது, ஏற ஆள் இல்லை. செங்கல் சூளைக்கென்று வெட்டித் தள்ளிய பனைகள் எத்தனையோ! 2021-ல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்டணும் என்றால் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது நல்ல காரியம், நம் மாநில மரம் அது. ஆனால் நிற்கிற மரத்துக்கு ஒரு பயன் இருந்தால்தான் நிலத்துக்காரர் அதை விட்டுவைப்பார் என்று அந்த அக்கா சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பங்குனி முதல் வைகாசி வரை போனால் பதனீரும் கிடைக்கும், ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போகலாம். காலையில் சீக்கிரம் போனால் முடைவதைப் பார்க்கலாம், பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், கேட்டால் ஒரு ஓலையைக் கையில் கொடுத்துச் சொல்லியும் தருவார்கள். உங்கள் வீட்டு அலமாரி அளவைச் சொன்னால் அதற்கேற்ற மாதிரி செய்து தருகிறார்கள், கொஞ்ச நாள் பொறுக்கணும், அவசரப்படுத்தினால் நடக்காது. போன் பே இருக்கிறது, ஆனால் சிக்னல் பல நேரம் இருக்காது, சில்லறையாகக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் விசேஷத்துக்குத் தாம்பூலப்பை கொடுக்கிற யோசனை இருந்தால் சின்னக் கொட்டான்களை மொத்தமாகச் சொல்லிவைக்கலாம், மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், ஓலை காயாது. சாம்பிளுக்கு ஒன்று வாங்கும்போது, எதற்குப் புழங்கப்போகிறீர்கள் என்பதையும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள், அதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் கலர் எடுப்பார்.