கார்டு அருமை, உட்காரத்தான் மாட்டேன் என்கிறது

விலை இறங்கியதிலிருந்து இந்த மூணு ஃபேன் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எஃப்பிஎஸ், அதாவது கேமில் நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, அதை விடுங்கள். ஏசி இல்லாத அறை, சென்னை மே மாதம், அப்போதும் 75 டிகிரியைத் தாண்டியதில்லை. சீலிங் ஃபேன் ஓடினால் இது ஓடுவதே காதில் விழாது. சூடு, சத்தம் இரண்டிலும் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

என் எரிச்சல் வேறு. மதர்போர்டில் கார்டைச் சொருகும் ஸ்லாட்டில் இது ஒழுங்காக உட்காராது.

பவர் பட்டனை அழுத்தினால் எல்லா ஃபேனும் சுற்றும், கீபோர்டில் விளக்கு எரியும், மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. கிராபிக்ஸில் கோளாறு என்று காட்ட மதர்போர்டில் விஜிஏ என்று போட்ட குட்டி விளக்கு அணையவே அணையாது. என்னுடையது 12400எஃப் ப்ராசசர், உள்ளே கிராபிக்ஸ் இல்லாத ரகம். கேபிளை மதர்போர்டில் சொருகிச் சமாளிக்கவும் வழியில்லை. ஒரு கடையில் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் வீக் என்றார்கள். இன்னொரு கடையில் கார்டைக் கழற்றி, கீழே தங்க நிறத்தில் இருக்கும் காண்டாக்ட்டை ரப்பரால் தேய்த்து மாட்டிக் கொடுத்துக் காசு வாங்கினார்கள். ஓடியது. ரப்பரே இல்லாமல் சும்மா கழற்றி மாட்டியிருந்தாலும் ஓடியிருக்கும்!

கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பார்த்தபோதுதான் சங்கதி பிடிபட்டது. எக்ஸ்16 என்று இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்4. அதாவது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் போகும் பதினாறு பாதைகளில், அதாவது லேன்களில், நாலுதான் ஓடுகிறது. சில லேன்களில் தொடர்பு விட்டுப்போனால், கார்டு மிச்சமிருக்கும் லேன்களை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு ஓடும். சும்மா இருக்கும்போது அதே வரியில் வேகத்தைக் குறிக்கும் 4.0 என்பது 1.1 ஆகக் குறைவது மின்சாரம் மிச்சம் பிடிக்க, அதற்குப் பயப்பட வேண்டாம். பக்கத்திலிருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டு, லேன் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி பிறவியிலேயே எக்ஸ்8 ஆன கார்டுகளும் உண்டு, அவசரப்பட்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

கேபினெட்டைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டால் எக்ஸ்16, நிமிர்த்தினால் மறுபடி மக்கர். எடைதான் என்று முடிவு கட்டி, அடியில் முட்டுக்கொடுக்கும் ஸ்டாண்டு வாங்கி வைத்தேன். பாதிதான் சரியானது. மீதிப் பாதி கேபினெட்டின் திருவிளையாடல். பின்பக்கத் தகடு மெலிசு, ஸ்லாட்டோடு நேர்கோட்டிலும் இல்லை. கார்டின் பிராக்கெட்டை அந்தத் தகட்டோடு பிணைக்கும் ஸ்க்ரூவை முறுக்க முறுக்க, கார்டின் மறுமுனை ஸ்லாட்டிலிருந்து மெல்ல எழும்புகிறது. கடையில் ஒவ்வொரு தடவையும் 'நல்லா டைட் வெச்சிருக்கேன் சார்' என்று சொல்லி அனுப்பினார்களே, அந்த டைட்தான் வினை. மதர்போர்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிட்டு, ஸ்லாட்டின் முனையில் கார்டைப் பிடித்துக்கொள்ளும் லாட்ச் 'கிளிக்' என்னும்வரை கார்டை அழுத்தி, முதலில் பிராக்கெட்டையும் பிறகு மதர்போர்டையும் முறுக்கியதும் அடங்கியது. செய்யும் முன் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு தரம் அழுத்திவிடுங்கள். கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் 8 பின் கேபிளும் அதைக் கீழே இழுக்காமல் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும்.

அந்த லாட்ச் இருக்கிறதே! ப்ராசசர் கூலருக்கும் இந்தத் தடியன் கார்டுக்கும் நடுவே விரல் நுழையாது. ஸ்கூல் பிள்ளையின் பிளாஸ்டிக் ஸ்கேலை விட்டுத்தான் நெம்ப வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், வழுக்கினால் போர்டு காலி. ஒரு கிலோவுக்கு மேல் எடை வைத்தவர்கள் பெட்டியில் ஸ்டிக்கர் போட்டார்கள், நன்றி அட்டை போட்டார்கள், ஒரு முட்டுக் குச்சி போட மனசு வரவில்லை.

நியாயமாகப் பார்த்தால் தப்பில் பாதிக்கு மேல் கேபினெட்டுடையது. இருந்தும் வாங்கச் சொல்ல மாட்டேன். ரெண்டு ஃபேன் வைத்த சின்னதாகப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் இரைச்சல் போட்டாலும் பரவாயில்லை. அப்படியானால் உன்னுடையதை எனக்குத் தள்ளிவிடு என்று மட்டும் யாரும் வராதீர்கள், கொடுப்பதாக இல்லை.