அரிசோனா மேய்ச்சல் நிலத்துக்கு எந்த வரைபடம்? பழைய தாள், புதிய தாள், லைடார்

தென்கிழக்கு அரிசோனாவில் டூம்ஸ்டோன் சுற்றுவட்டாரத்து ஓடைகள் பெரும்பாலும் வெறும் மணல் படுகைகள். கோடை மழை கொட்டினால் சில மணி நேரம் தண்ணீர் வரும். மாடுகளோ தண்ணீரை விட்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போய் மேய்வது குறைவு. அதனால் தண்ணீர் எங்கே நிற்கிறது, மழை பெய்தால் எந்த வழியாக ஓடும் என்ற இரண்டும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே வரைபடம் சொல்லிவிடாது.

முதல் கேள்விக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பழைய 1:24,000 தாள்தான். ஊற்று, காற்றாலை, மாட்டுக்குட்டை எனப் பலவும் ஆள் போய்ப் பார்த்துக் குறித்தவை. ஊதா நிறத்தில் இருந்தால் மட்டும் உஷார்: அவை பின்னால் வான்படத்தைப் பார்த்துச் சேர்த்தவை, களத்தில் சரிபார்க்காதவை. பெரும்பாலான பழைய தாள்கள் 1927 ஆம் ஆண்டு ஆதாரத்தில் (இடங்களின் எண்களைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அடிப்படை அளவீடு) வரையப்பட்டவை; ஜிபிஎஸ் வழக்கமாக வேறு ஆதாரத்தில் இயங்கும். தாளின் ஓரத்து யூடிஎம் எண்களை (இடத்தை மீட்டரில் குறிக்கும் கட்ட முறை) அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டால் வடக்கு–தெற்காகச் சுமார் 200 மீட்டர் தள்ளிப்போய், முள்காட்டில் கிணற்றைத் தேட வேண்டியதுதான். கருவியில் ஆதாரத்தை 1927க்கு மாற்றிவிட்டு எண்களைப் போடுங்கள்.

2009 முதல் வரும் புதிய 'யூஎஸ் டோப்போ' தாள், இருக்கிற தரவுகளைக் கணினி கோத்துத் தருவது. பழைய தாளின் காற்றாலை, வேலிகளில் பல அதில் இல்லை. பண்ணை வேலைக்கு எங்கள் கடைசித் தேர்வு அதுதான்.

இரண்டாவது கேள்வியான நீரோட்டத்துக்கு லைடார்: விமானத்திலிருந்து லேசர் அடித்துத் தரையின் உயரத்தை அளக்கும் முறை. தாளில் 20 அடி உயரத்துக்கு ஒன்றாக வரையும் சமஉயரக் கோட்டில் எட்டடி அரிப்புப் பள்ளம் தெரியாமலே போகலாம். லைடார் தரவின் ஒரு மீட்டர் கட்டத்தில் அதன் இரு கரையும் தெரியும். வெட்டவெளியில் உயரப் பிழை சுமார் 10 செ.மீ.

ஆனால் சாலைக்கடியில் போகும் குழாய் லைடாருக்குத் தெரியாது, சாலைமேடு அணையாகிவிடும். மென்பொருளில் தரவின் பள்ளங்களை மூடும் 'பள்ளம் நிரப்பு' கட்டளையைக் கொடுத்தால் மேல்பக்கம் பொய்க்குளம் உருவாகி, ஓடை வேறு பக்கம் திரும்பும். குழாயின் இரு வாயையும் இணைத்துக் கோடு வரைந்து, அதன்மேல் விழும் கட்டங்களைக் கீழ்வாய் மட்டத்துக்கு இறக்குங்கள். பிறகு ஓட்டத்திசையைக் கணக்கிடுங்கள். மாட்டுக்குட்டைகள் நிஜப் பள்ளங்கள், அவற்றை நிரப்பக் கூடாது.

குட்டையின் கொள்ளளவு வேண்டுமென்றால் லைடார் பறந்த தேதியைப் பாருங்கள். வழக்கமான அகச்சிவப்பு லேசர் தண்ணீருக்குள் இறங்காது. குட்டை நிரம்பியிருந்த நாளில் பறந்திருந்தால் கிடைப்பது நீர்மட்டம் மட்டுமே. கோடை மழைக்கு முந்தைய தரவு இல்லையென்றால் குட்டை வற்றும்வரை காத்திருந்து தரையில் அளப்பதே சரி.