காதா, கையா, மெஷினா? காருக்கு அடியில் தேய்ந்த சாமானைக் கண்டுபிடிக்க எதை நம்பலாம்

சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்விட்டு மலையிறங்கிப் பாபநாசம் வரும்போதே முன்பக்கம் லேசாக ஒரு சத்தம். அம்பாசமுத்திரம் தாண்டிச் சேரன்மாதேவி வருவதற்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘கடக்’ என்று தெளிவாகவே கேட்டது. மறுநாள் ஒரு கடையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “லிங்க் ராடு போச்சு சார்” என்றார்கள். லிங்க் ராடு என்றாலும் ஸ்டெபிலைசர் லிங்க் என்றாலும் ஒன்றுதான்: வண்டி சாயாமல் தடுக்கும் குறுக்கு பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி. இரண்டு பக்கமும் மாற்றினோம். சத்தம் போகவில்லை. இன்னொரு இடத்தில் மெஷினில் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தோம். ஸ்டீயரிங் நேரானது, சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் குழி உள்ள ஒரு பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் அடியில் இறங்கி, லிவரை வைத்து இரண்டு நெம்பு நெம்பினார். “லிங்க் ராடுல ஒண்ணுமில்ல தம்பி, அத யாரு மாத்தச் சொன்னது? இந்தா பாருங்க, லோயர் ஆர்ம் புஷ்ஷு கிழிஞ்சு தொங்குது.” சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர்தான் இந்த புஷ்.

மூன்று இடம், மூன்று வழிமுறை. காது, மெஷின், கை. எது எதற்கு உதவும், எது எங்கே ஏமாற்றும் என்று அன்றிலிருந்து கவனித்து வந்திருக்கிறேன்.

காதிலிருந்து தொடங்கலாம். காசு செலவில்லை, ஓட்டுபவருக்குத்தான் முதலில் தெரியும். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் என்று விரட்டிப் போகும்போது இது பயன்படாது. டயர் இரைச்சலில் எல்லாம் அமுங்கிவிடும். குண்டும் குழியுமான தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்துக்குள், பாட்டையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிக் காம்பவுண்டு சுவரை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எந்தப் பக்கம் என்பதைக் காட்டிக் கொடுக்கும். சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது ‘டக டக’ என்று வேகமாகத் தட்டினால் ஸ்டெபிலைசர் லிங்க் மேல் சந்தேகம் வரலாம். பிரேக் பிடிக்கும்போதோ, ரிவர்ஸிலிருந்து முன்னால் எடுக்கும்போதோ ஒரே ஒரு ‘கடக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவதுபோல ‘டங்’ என்றால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல்முனையில் இருக்கும் மவுண்ட்டும் அதன் பேரிங்கும்.

எங்கள் வண்டியிலும் பிரேக் பிடிக்கும்போதுதான் அதிகம் கேட்டது. அதை நான் சொல்லவுமில்லை, கடையில் கேட்கவுமில்லை.

காதின் பெரிய குறை, சத்தம் பிறந்த இடத்தில் நிற்காது என்பதுதான். தகடு வழியாக ஓடி டேஷ்போர்டுக்குள் வந்து ஒலிக்கும். வேறு சாமான்களும் இதே குரலில் பேசும். மேடுபள்ளத்தில் போகும்போது பிரேக்கை லேசாக மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் அது பெரும்பாலும் காலிப்பருக்குள் (பேடைப் பிடித்திருக்கும் கவ்வி) ஆடும் பிரேக் பேட். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ‘டிக் டிக் டிக்’ என்று வந்தால் அது வெளிப்பக்க சிவி ஜாயிண்ட், அதாவது இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் மூட்டு. அதற்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை. டிக்கியில் கட்டாமல் கிடக்கும் ஜாக்கியால் புது ஷாக் அப்சார்பர் போட்டவர்களும் உண்டு. அதனால் காதை வைத்துச் சந்தேகப்படலாம், சாமான் வாங்கக்கூடாது.

பானட்டை ஒரு மூலையில் அமுக்கிவிட்டு வண்டி எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய முறை இன்னும் நடக்கிறது. ஒன்றரைத் தடவைக்கு மேல் ஆடினால் ஷாக் செத்துவிட்டது என்பது சரிதான். ஆனால் பாதி உயிரோடு இருக்கும் ஷாக் இந்தச் சோதனையில் தேறிவிடும், ஸ்பிரிங் விறைப்பாக உள்ள இன்றைய வண்டிகளில் இன்னும் எளிதாகத் தேறும். அதைவிட ஷாக்கின் உடம்பைப் பார்ப்பது மேல். லேசாக வியர்த்துப் புழுதி படிந்திருந்தால் பயமில்லை, எண்ணெய் வழிந்து ஈரமாக இருந்தால் மாற்ற வேண்டும், அதுவும் ஒரே ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் சேர்த்து.

டயர் பொய் சொல்லாத சாட்சி, ஆனால் தாமதமாகத்தான் வாய் திறக்கும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால்தான் முன் டயரின் உள்விளிம்பு கண்ணில் படும். நிறையப் பேர் வெளிவிளிம்பை மட்டும் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று போய்விடுகிறார்கள். இரண்டு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இவை இரண்டும் சாமான் கோளாறு இல்லை. ஒரு விளிம்பு மட்டும் கரைந்திருந்தால் சக்கரத்தின் கோணம் மாறியிருக்கிறது. கையால் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப்பல் போலவும் இருந்தால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, தவறியிருக்கிறது. அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் ஷாக்கையும் வீல் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும். எந்த புஷ், எந்த ஜாயிண்ட் என்று டயர் சொல்லாது. சொல்லும் நேரத்தில் டயரும் போயிருக்கும்.

இனி கை. என் மனம் இதன் பக்கம்தான். அதற்காக ஜாக்கி போட்டு ஆட்டினால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எந்தச் சாமானுக்கு வண்டியை எந்த நிலையில் வைக்க வேண்டும் என்று தெரிந்த கைதான் கை.

சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 12-உம் 6-உம் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு). இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். 3-உம் 9-உம் உள்ள இடங்களில் மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டீயரிங் கம்பியின் வெளிமூட்டான டை ராட் எண்ட் அல்லது உள்மூட்டான ரேக் எண்ட். இதை உறுதி செய்ய வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சின்னதாக அசைக்க, இன்னொருவர் ஜாயிண்ட்டின் மேல் விரல் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

பால் ஜாயிண்ட்டில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சின்ன கார்களில் பெரும்பாலும் மெக்பெர்சன் ஸ்ட்ரட். வண்டியின் எடை ஸ்பிரிங் வழியாக ஸ்ட்ரட்டுக்குப் போய்விடுகிறது, கீழ் பால் ஜாயிண்ட் சக்கரத்தை இடத்தில் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். சக்கரம் தொங்கும்போது லிவர் போட்டு நெம்பினாலே ஆட்டம் தெரியும். இன்னோவா கிரிஸ்டா போன்ற வண்டிகளில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே சேஸிஸில் (அடிச்சட்டம்) ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஆட்டத்தை மறைத்துவிடும். கீழ் ஆர்முக்கு அடியில், ஜாயிண்ட்டை ஒட்டித் தாங்கல் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டெபிலைசர் லிங்க்குக்கு இதற்கு நேர் எதிர். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் குறுக்கு பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை இறுக்கிப் பிடிக்கும், தேய்ந்த லிங்க்கும் நல்லதுபோல நிற்கும். நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் தரையில் இருக்க, குழிக்குள் இறங்கி லிங்க்கைப் பிடித்து உலுக்க வேண்டும். குழி இருக்கும் பட்டறையைத் தேடிப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

புஷ்ஷில் மேலோட்டமான வெடிப்பு வயதால் வருவது. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறதா, லிவர் போடும்போது ஆர்ம் அளவுக்கு மீறி நகர்கிறதா என்பதே கேள்வி. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்காதீர்கள், செங்கல் அடுக்கியும் படுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் சக்கரத்தை வெளியிலிருந்து ஆட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் மெஷின் டோ, கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) மூன்றையும் துல்லியமாக அளக்கும். வலது சக்கரத்தின் கேம்பர் இடதைவிட மாறியிருக்கிறது என்று அது சொல்வது பெரிய துப்பு. வளைந்த ஆர்மையோ ஸ்ட்ரட்டையோ கையைவிட அதுதான் முதலில் காட்டும். கிழிந்த புஷ்ஷோடு அலைன்மெண்ட் செய்வதோ வீண் செலவு. நிற்கும்போது ஓர் அளவு, பிரேக் பிடிக்கும்போது வேறு அளவு. நான் அப்படித்தான் ஒரு தடவை காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நம் திருநெல்வேலி ஜில்லாவில் எந்த ஊர் வண்டி என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் முதலில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைப் பார்க்க வேண்டும். துரு தின்று முனை உடைந்திருந்தாலும் சத்தமே வராமல் இருக்கலாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்தால், ஒரு பக்கம் இறங்கியிருப்பது தெரிந்துவிடும். இதில் காதும் கையும் தோற்று டேப் ஜெயிக்கும். மணிமுத்தாறு, காரையாறு என்று மலைச்சாலையில் ஓடும் வண்டிக்கு புஷ்ஷையும் லிங்க்கையும் முதலில் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தண்ணீருக்குள் நின்ற வண்டி என்றால் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் இவற்றின் ரப்பர் உறையைத்தான் முதலில் பார்ப்பேன். உறையில் சின்னக் கிழிசல் போதும், கிரீஸோடு வண்டல் கலந்து உள்ளிருக்கும் உருண்டையை அரைத்துவிடும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

எங்கள் வண்டிக்குப் புது லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும் போட்டார் அந்த மெக்கானிக். போல்ட்டைக் கையால் திருகி வைத்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் குழிக்குள் போய் இறுக்கினார். ஏன் அண்ணாச்சி என்று கேட்டேன். “தொங்கும்போது முறுக்குனா, கீழ எறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே கெடக்கும் தம்பி. சீக்கிரமே கிழிஞ்சிரும். இப்போ போயி அலைன்மெண்ட் பண்ணிட்டு வாங்க.” அதன்பிறகு அதே சேரன்மாதேவி சாலையில், அதே வேகத்தடைகளில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். டயர் ஏறி இறங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.