மாடி சோலார்: சொந்தக் காசா, கம்பெனி பேனலா?

காட்பாடில எங்க தெருவுல ரெண்டு மாடியில சோலார் இருக்கு, எங்களுது சொந்தமா போட்டது, எதிர் வீட்டு அண்ணனுது கம்பெனிக்காரன் போட்டது. ரெண்டும் 3 கிலோவாட். நான் எந்தப் பக்கம் சாய்வேன்னு சொல்லணுமா என்ன.

காசு கணக்கு சுருக்கமா. சொந்தம்னா மொதல்ல நாமதான் போடணும், இல்ல லோன், பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 78,000 ரூபா மானியம் அப்புறமா அக்கவுண்ட்ல ஏறும். கம்பெனின்னா மொதல்ல பைசா வேணாம், ஆனா வர்ற கரண்டுக்கு யூனிட் கணக்குல அக்ரிமெண்ட் முடியுற வரைக்கும் கட்டணும். கையில காசு இல்ல, ஏசி ஓடி ரெண்டு மாசத்துல 500 யூனிட் தாண்டுதுன்னா அண்ணன் பண்ணது தப்பே இல்ல.

ஆனா துடைக்கிறது இருக்கே, அங்கதான் எல்லாம். நம்மூர் வெயிலுக்கு கரண்ட் கொட்டும்னு நெனைக்காதீங்க, சூடு ஏற ஏற பேனல் கொஞ்சம் கம்மியாதான் தரும், அதுமேல புழுதியும் படிஞ்சா கேக்கவே வேணாம். போர் தண்ணி ஊத்துனா உப்பு வெள்ளையா படிஞ்சிடும், நாங்க காவேரி தண்ணி வர்ற அன்னைக்கு ரெண்டு குடம் புடிச்சி வெச்சிக்கினு மறுநாள் வெயில் ஏறுறதுக்குள்ள தொடச்சிடுவோம். பக்கத்து தெரு ஐடிஐ பையன்தான் வர்றான், ஒயரிங்கும் அவனே பாத்துக்குறான், இப்ப இந்த சைடுல ஏழெட்டு மாடி அவன் கையில. இதே வேலை பெரிய ஆலையில எப்படின்னா, 2016ல கமுதில 648 மெகாவாட் சோலார் ஆலை வந்துச்சே, அங்க பேனல் தொடைக்கவே ரோபோ. மாட்டுற வரைக்கும்தான் கூட்டமா ஆள் வேணும்.

அண்ணனுக்கு கம்பெனி ஆள் வரணும். போன் போட்டா வரேன் வரேன்னு ரெண்டு மாசம் ஆச்சு. நம்ம பையனை ஏறச் சொல்லலாம்னா அக்ரிமெண்ட்ல வெளியாள் கை வெக்கக் கூடாதுன்னு இருக்காம். மாடி அண்ணனுது, பேனல் கம்பெனிக்காரனுது. மேல ஒரு ரூம் எழுப்பலாம்னு தூண்ல கம்பி விட்டு வெச்சிருக்காரு, அதுக்கும் இப்ப கம்பெனியைக் கேக்கணும்.

ஒண்ணு ஒத்துக்கணும், எங்களுது ஒன்றரை வருஷம்தான் ஆச்சு, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற இன்வெர்டர் இன்னும் வாரண்டில இருக்கு. அது முடிஞ்சி ஒருநாள் புட்டுக்கிச்சுன்னா செலவு என் தலையில, அண்ணனுக்கு அந்தக் கவலை கிடையாது.