புக்‌ஷெல்ஃபா, டவரா?

நல்ல ஸ்டீரியோ வாங்கப் பணம் ஒதுக்கியாச்சு, ஸ்பீக்கர்தான் முடிவாகவில்லை என்பவர்களுக்கு இது. புக்‌ஷெல்ஃப் என்பது ஸ்டாண்டில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்; டவர் என்பது தரையிலேயே நிற்கும் உயரமான ஸ்பீக்கர்.

விலை: ஒரே விலையில் வைத்துப் பார்த்தால், டவரில் பணத்தில் கணிசமான பங்கு பெட்டிக்கே போய்விடும். புக்‌ஷெல்ஃபுக்கு ஸ்டாண்ட் தனிச் செலவு. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ட்வீட்டர் (மெல்லிய, உச்ச ஒலிகளைத் தரும் சின்னப் பகுதி) காது மட்டத்துக்கு வந்தாக வேண்டும்.

பேஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி; ஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய ஒலி தாழும்): புக்‌ஷெல்ஃபில் இருக்கும் 5, 6 அங்குல வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) பொதுவாக 50–60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நல்ல டவர் 40-க்கும் கீழே இறங்கும்.

அறை: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் டவரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் ஊதிப்போகும். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) ‘தொம்’ என்று விழாமல் ‘கொம்ம்ம்’ என்று இழுக்கும், பாடுபவர் குரலையும் மூடிவிடும். அதே அறையில் புக்‌ஷெல்ஃபை இரண்டடி முன்னால் இழுத்து, இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணமாக அமையும்படி வையுங்கள். குரல் நட்டநடுவில் வந்து நிற்கும். அந்தச் சுகமே தனி!

உழைப்பு: பெரிய வித்தியாசமில்லை. வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் என்றால் ஈரக்காற்றில் நாளடைவில் உதிர்ந்துவிடும்.

சின்ன அறை, அடிக்கடி மாறும் வாடகை வீடு: புக்‌ஷெல்ஃப்.
பெரிய ஹால், சுவரைவிட்டுத் தள்ளிவைக்க இடம்: டவர்.