மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சா, தட்டோடா? நெல்லை அலுவலகங்களுக்கு ஒரு கணக்கு

பாளையங்கோட்டையில் இரண்டு மாடி அலுவலகம் ஒன்றின் மேல்மாடியில் சித்திரை மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்தால், ஏசி ஓடும்போதே உச்சந்தலையில் சூடு இறங்கும். ஏசியின் டன்னை ஏற்றுவதற்கு முன்னால் மாடியைப் பார்ப்பதுதான் முறை. இங்கே வழக்கத்தில் இருப்பவை இரண்டு: சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம்) போட்டுத் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பது, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது. வெள்ளை கூலிங் டைல்ஸும் இப்போது நிறைய விற்கிறது. ஏற்கெனவே நிற்கும் கட்டடத்துக்கு என் ஓட்டு பூச்சுக்குத்தான். காரணம் குளிர்ச்சி மட்டும் இல்லை, பராமரிப்பு.

முதலில் சுருக்கிக்குச் சேர வேண்டிய மரியாதை. பொதுப்பணித்துறை அளவுப்படி 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. சராசரி மூன்று அங்குலக் கனத்தில் பரப்பி, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். அதன் மேல் அரை அங்குலச் சிமென்ட் கலவையில் தட்டோடு. இவ்வளவு கனம் இருப்பதால் மதிய வெயில் உள்ளே இறங்கச் சில மணி நேரம் பிடிக்கும். வீட்டுக்கு இது தொந்தரவு, படுக்கப் போகும் நேரத்தில் தளம் சூட்டைக் கக்கும். ஆறு மணிக்குப் பூட்டிவிட்டுப் போகும் அலுவலகத்துக்கு அதுவே லாபம்.

சிக்கல் எடையிலும் ஆளிலும் இருக்கிறது. ஆயிரம் சதுரடிக்குச் சுருக்கியும் ஓடும் கலவையுமாக ஏறக்குறைய 18 டன் ஏறும். பழைய தளத்தின் மேல் அதை ஏற்றுவதற்கு முன் பொறியாளரிடம் கேட்காமல் இருக்கக் கூடாது. சுண்ணாம்பை முறையாக நீற்றி, நாள்கணக்கில் பொறுமையாக அடிக்கும் ஆட்களும் குறைந்துவிட்டார்கள். ‘சுருக்கி’ என்று சொல்லி ஜல்லியில் சிமென்ட்டைக் கலந்து கொட்டிவிட்டுப் போவதுதான் அதிகம். சிமென்ட் கலந்தது விறைத்துப்போய் வெயிலில் விரிசல் விடும். சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

இனி பராமரிப்பு. தட்டோடோ கூலிங் டைல்ஸோ, தண்ணீர் இறங்குவது இணைப்பில்தான். ஐப்பசி மழையில் ஓர் இணைப்பு மயிரிழை அளவு திறந்தால் போதும், தண்ணீர் ஓட்டின் அடியில் இறங்கிக் கலவைக்குள்ளேயே நடந்து, பத்தடி தள்ளி மேலாளர் அறையின் மேல்கூரையில் பழுப்பு வட்டமாகத் தெரியும். மேலே நின்று பார்த்தால் எல்லா இணைப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்த ஓட்டைப் பெயர்ப்பது? ஊகித்து நாலு இடம் பெயர்த்து, அக்கம்பக்கத்து ஓட்டையும் ஆட்டிவிட்டு, அடுத்த மழையில் புதிதாக இரண்டு ஒழுக்கு. கடைசியில் மொத்தமாகப் பெயர்த்தால் அந்த 18 டன்னும் லாரியேறிக் குளத்தங்கரையில் போய் விழும். சுற்றுச்சூழல் என்று பேசத் தொடங்கினால் இந்த இடிபாட்டையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். உடைந்த வெள்ளை டைல்ஸ் சில்லு பதிப்பது கழிவைப் பயன்படுத்தும் நல்ல யோசனை. ஆனால் அதில் பாதி இடம் இணைப்புதான்.

பூச்சில் பிழை கண்ணுக்குத் தெரியும். விரிசல் விட்ட இடத்தில் வெள்ளைக்கு நடுவே கறுப்புக் கோடு ஓடும். கட்டைவிரலால் தேய்த்தால் மாவாக ஒட்டுகிறதென்றால் பூச்சு தேய்கிறது என்று அர்த்தம். ஒரு டப்பா, ஒரு பிரஷ், விரிசல் மேல் ஒட்டும் வலை ஒரு முழம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிடலாம். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மேல் கோட் அடிக்க வேண்டியிருக்கும். டப்பாவில் பத்து வருடம் என்று எழுதியிருப்பதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.

அடிக்கும் முறையில்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, நன்றாக அலசி, ஒரு முழு நாள் காய விட வேண்டும். விரிசலை V வடிவில் கால் அங்குலம் திறந்து, பாலிமர் கலவை அடைத்து, மேலே வலை ஒட்ட வேண்டும். கைப்பிடிச்சுவர் தளத்தைத் தொடும் மூலையைச் சரிவாக உருட்டிப் பூச வேண்டும். அங்கே செங்கோணமாக விட்டால் முதலில் கிழிவது அதுதான். பிறகு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு: பத்தடிக்கு ஒன்றரை அங்குலம். தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்தப் பூச்சும் உப்பி உரியும். நீர்ப்போக்கியை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் பார்த்துவிட்டால், ஒழுக்கு எங்கே என்பது அடிக்கும் முன்பே தெரிந்துவிடும். பிறகு தண்ணீர் கலந்து ஒரு பிரைமர் கோட், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோட். இரண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 20 முதல் 30 சதுரடிதான் வரும். ஆயிரம் சதுரடிக்கு இரண்டு 20 லிட்டர் வாளிக்குக் குறைவாக ஒருவர் கணக்குச் சொன்னால், அவர் நீர்க்க அடிக்கப் போகிறார்.

காலை ஒன்பது மணிக்குள் ஒரு கோட், மாலை நாலுக்கு மேல் ஒரு கோட். உச்சிவெயிலில் அடித்தால் மேலே ஆடை கட்டி அடியில் பிடிக்காது. மாதம் மாசி. ஆனி, ஆடியில் வீசும் காற்று கிளப்பும் செம்மண் புழுதி, ஈரப் பூச்சில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் புழுதிதான் பூச்சின் பலவீனமும். மின்சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு (2017) சமதள மாடிக்குக் கேட்பது, வெயிலில் குறைந்தது 60 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் மேற்பரப்பு. புதுப் பூச்சு இதைச் சுலபமாகத் தாண்டும். அழுக்கேறினால் இறங்கிவிடும். நெல்லையில் சூரியன் வருடத்துக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வரும்: சித்திரைப் பிறப்பையொட்டி ஒருமுறை, ஆவணி நடுவில் ஒருமுறை. எனவே இரண்டு கழுவல்: மழைக்கால அழுக்குப் போக மாசியில் ஒன்று, காற்றுப் புழுதி போக ஆடிக் கடைசியில் ஒன்று. முதலில் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டிவிட்டால் ஆயிரம் சதுரடிக்கு இரண்டு டிரம் தண்ணீர் போதும். உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படிந்தாலும் இங்கே கவலையில்லை. பிரஷர் வாஷரை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஓரம் தூக்கிய பூச்சைப் பிய்த்துவிடும். இந்த இரண்டு கழுவலுக்கு ஆளை ஒதுக்க முடியாத அலுவலகம் பூச்சு அடிக்கவே வேண்டாம்.

புதுக் கட்டடம் என்றால் என் தீர்ப்பு மாறும். வாட்டம் எப்படியும் எதையாவது போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். நல்ல கொத்தனார் கிடைத்தால் சுண்ணாம்புச் சுருக்கியும் தட்டோடும், அதன் மேல் வெள்ளைப் பூச்சும். வெறும் சிவப்புத் தட்டோட்டில் மதியம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் நிற்க முடியாது, வெள்ளையில் நிற்கலாம். சாரல் அடிக்கும் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துக்கு இந்தக் கணக்கை அப்படியே கொண்டுபோக நான் துணியமாட்டேன். அங்கே எதிரி புழுதி இல்லை, பாசி.

சோலார் பேனல் வைக்கும் எண்ணமிருந்தால் அதன் கால்களுக்கான கான்கிரீட் மேடைகளை முதலில் கட்டிவிட்டுப் பூச்சு அடியுங்கள். மேடைகள் வாட்டத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆயிரம் சதுரடி மாடியில் அது 88,000 லிட்டர், அவ்வளவும் நீர்ப்போக்கி வழியாகத்தான் இறங்க வேண்டும். கான்ட்ராக்டரிடம் கடைசிப் பத்து சதவீதப் பணம் கார்த்திகை மழை கழிந்த பிறகுதான் என்று வேலை தொடங்கும் முன்பே பேசி, எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.