முற்போக்குத் திருச்சபையில் முதல் ஞாயிறு: எது நன்று, எங்கே இடறும்

பாலினமோ பாலின ஈர்ப்போ பார்க்காமல் எல்லோரையும் சமமாக ஏற்பதாகச் சொல்லும் கிறிஸ்தவச் சபைகளைத்தான் முற்போக்குத் திருச்சபை என்கிறோம்; அமெரிக்கா, கனடாவில் அப்படி ஒன்றுக்கு முதல்முறை போகிறவர்களுக்கானது இது. "எல்லோரும் வரலாம்" என்று பலகை வைக்காத சர்ச் அபூர்வம். அதனால் பலகையை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். உள்ளே வந்து உட்காரலாம் என்பது ஒன்று. திருவிருந்தில் (அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் சடங்கு) பங்குபெறலாமா, சபையில் பொறுப்பு எடுக்கலாமா, ஒருபாலினத் தம்பதிக்கு அங்கே திருமணம் நடக்குமா, திருநங்கை ஒருவர் போதகராக முடியுமா என்பவை வேறு கேள்விகள். நல்ல முற்போக்குச் சபை இவற்றுக்குத் தன் இணையதளத்திலேயே எழுத்தில் பதில் வைத்திருக்கும். வாசலில் கிடைக்கும் புன்னகையைவிட அந்த எழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

அமெரிக்காவின் யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் தேசியப் பேரவையான பொது சினாட், தன்பாலின ஈர்ப்புள்ளவர்களைச் சபைகள் வெளிப்படையாக ஏற்க வேண்டும் என்ற 'ஓப்பன் அண்ட் அஃபர்மிங்' தீர்மானத்தை 1985-ல் நிறைவேற்றியது. ஆனால் அங்கே உள்ளூர்ச் சபைகள் தங்கள் முடிவைத் தாங்களே எடுப்பவை. சபையார் கூடி, வரவேற்பு உடன்படிக்கை எழுதி, வாக்களித்து ஏற்றால்தான் அந்த அடையாளம் கிடைக்கும். ஒரே பிரிவைச் சேர்ந்த இரண்டு சபைகளில் ஒன்று ஏற்றிருக்கும், பக்கத்துத் தெருவில் இருப்பது ஏற்றிருக்காது. இதே போன்ற அடையாளத்துக்கு லூத்தரன் சபைகளில் 'ரீகன்சைலிங் இன் கிரைஸ்ட்', கனடாவின் யுனைடெட் சர்ச்சில் 'அஃபர்ம் யுனைடெட்' என்று தேடிப் பாருங்கள். மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச்சில் இந்தச் சோதனையே தேவையில்லை. மற்ற சபைகளில் இடமில்லாத தன்பாலின ஈர்ப்புள்ளவர்களுக்காகவே 1968-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தொடங்கப்பட்டது அது. எதுவும் தெளிவாக இல்லையென்றால் போதகருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும். நேராகப் பதில் வந்தால் போகலாம். "நேரில் பேசிக்கொள்வோமே" என்று நழுவினால், பெரும்பாலும் விடை 'இல்லை' என்பதுதான்.

முதல் வருகைக்கு ஈஸ்டரும் கிறிஸ்துமஸ் முந்தின இரவும் ஏற்றவை அல்ல. கூட்டமும் அலங்காரமும் சபையின் அன்றாட முகத்தை மறைத்துவிடும். சாதாரண ஞாயிறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆராதனை பெரும்பாலும் அறுபது முதல் எழுபத்தைந்து நிமிடம். பத்து நிமிடம் முன்னதாகப் போனால் ஓரத்து இருக்கை கிடைக்கும், நடுவில் எழுந்து போவதும் எளிது. உடைக்கு விதி கிடையாது. கோட் போட்டவரும் ஜீன்ஸ் போட்டவரும் ஒரே வரிசையில் இருப்பார்கள்.

வாசலில் ஆராதனை முறைத்தாள் தருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டால் தடுமாற்றம் பாதி குறையும். தடித்த எழுத்தில் இருப்பது சபையார் சேர்ந்து சொல்ல வேண்டியது. நட்சத்திரக் குறி போட்ட இடங்களில் முடிந்தவர்கள் எழுந்து நிற்கலாம், உட்கார்ந்தே இருந்தாலும் தவறில்லை. பெயர் ஒட்டியில் 'அவன், அவள், அவர்' என எப்படி அழைக்கப்பட விரும்புகிறீர்கள் என்பதையும் எழுதச் சொல்லலாம். எழுதாமல் விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். பாடல்களில் கடவுளை ஆண்பாலில் மட்டும் குறிக்காத வரிகள் வரும். 'எங்கள் பிதாவே' என்று வரும் பரமண்டல ஜெபத்தின் தொடக்கம்கூடச் சில இடங்களில் மாறியிருக்கும். மனப்பாடமாகச் சொல்லிப் பழகியவர்கள் இடறுவது இங்கேதான், ஆகவே தாளைப் பார்த்தே சொல்லுங்கள். லூத்தரன், எபிஸ்கோபல் சபைகளில் விசுவாச அறிக்கையும் (நம்பிக்கையைச் சபையார் சேர்ந்து வரி வரியாகச் சொல்வது) உண்டு. நம்பாத வரியில் மௌனமாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வேதவாசிப்பைப் பெரும்பாலான சபைகள் எந்த ஞாயிறு எந்தப் பகுதி என்று வகுத்து 1992-ல் வெளிவந்த பொது வாசகப் பட்டியலின்படி எடுக்கின்றன. மூன்று ஆண்டுச் சுழற்சி அது: சுவிசேஷங்களில் ஓராண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, பிறகு லூக்கா, இடையிடையே யோவான். இதனால் போதகர் தனக்குப் பிடித்த வசனத்தையே சுற்றிச் சுற்றி வர முடியாது. பிரசங்கம் பன்னிரண்டு முதல் இருபது நிமிடம். வசனம் எழுந்த காலம், அதை எழுதியவர்களின் நிலை, இன்று அது யாரைக் காயப்படுத்தியிருக்கிறது என்றெல்லாம் பேசுவார்கள். அகதிகள், நிறவெறி, பருவநிலை ஆகியவையும் வரும். இந்த வகைப் பிரசங்கம் சறுக்கும் இடமும் அதுவே. வேதப்பகுதியை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டு மீதி நேரம் செய்தித் தலைப்புகளையே வாசித்தால், அன்றைய பிரசங்கம் தோல்விதான். பதிவுகள் இணையத்தில் இருக்குமென்பதால், போவதற்கு முன் இரண்டு பிரசங்கங்களைக் கேட்டுவிடுவது நல்லது.

திருவிருந்துதான் இந்தச் சபைகளின் மிகச் சிறந்த பகுதி. டிசைப்பிள்ஸ் ஆஃப் கிரைஸ்ட்டில் அது ஒவ்வொரு வாரமும் உண்டு. யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட்டின் பல சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு. உறுப்பினரா, ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்காமல் அழைக்கும் மேசை அது. எபிஸ்கோபல் சர்ச்சில் நிலைமை சற்றுச் சிக்கல். சபைச் சட்டம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே என்கிறது, ஆனால் பல சபைகள் நடைமுறையில் எல்லோரையும் அழைக்கின்றன. தாளில் அச்சிட்டிருக்கும் அழைப்பு வாசகத்தைப் படித்துவிட்டு எழுங்கள். அப்பத்தைக் கிண்ணத்து ரசத்தில் தோய்த்து உண்ணும் முறை என்றால் நுனி மட்டும் நனையட்டும். விரல் கிண்ணத்துக்குள் போகக் கூடாது, தோய்க்கும் முன்பே அப்பத்தை வாயில் போட்டுவிடவும் கூடாது. இரண்டிலும் புதியவர்கள் தவறுவது வழக்கம், யாரும் கோபிப்பதில்லை. மது இருக்குமா திராட்சைச் சாறா, குளூட்டன் (கோதுமைப் புரதம்) இல்லாத அப்பம் எந்தத் தட்டில் என்பதும் தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது சபையின் குறை. வேண்டாமென்றால் இருக்கையிலேயே இருங்கள். முன்னே போய் இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்தால் அப்பத்துக்குப் பதிலாக ஆசீர்வாதம் தருவார்கள்.

சமாதான வாழ்த்து நேரத்தில் கைகுலுக்கவோ அணைக்கவோ வருவார்கள். தொடுவது பிடிக்காதென்றால் கைகூப்பினால் போதும். விண்ணப்ப ஜெப வேளையில் மைக் கைமாறும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். பல சபைகளில் அது இணைய நேரலையில் போகிறது. நோய், வேலை இழப்பு, இன்னொருவரின் பாலின அடையாளம் ஆகியவற்றை அங்கே பெயரோடு சொன்னால் திரும்பப் பெற முடியாது. காணிக்கைத் தட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடலாம், விருந்தினரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

குழந்தைகளோடு போகிறவர்கள், பராமரிப்பு அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா, அழைத்துப்போக வருபவரை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று கேளுங்கள். எழுதிய பாதுகாப்புக் கொள்கையைக் காட்டத் தயங்கும் சபையில் குழந்தையை விட வேண்டாம்.

ஆராதனைக்குப் பிந்தைய காபி நேரத்தில்தான் பல சபைகள் கோட்டை விடுகின்றன. பல ஆண்டு நண்பர்கள் வட்டமாக நின்றுவிட, புதியவர் சுவரோரம் கோப்பையோடு நிற்க நேர்கிறது. இது வெறுப்பல்ல, பழக்கம். வரவேற்புக் குழுவினர் யாரென்று முன்பே பார்த்து வைத்து, அவரிடம் போய் ஒரு கேள்வி கேட்பது பலன் தரும். இதற்கு நேர்மாறாக, சிறிய சபைகளில் முதல் வாரமே பாடகர் குழுவுக்கும் சமையலுக்கும் இழுப்பார்கள். "சில மாதம் வெறுமனே வந்துபோகிறேன்" என்று சொல்லிவிடுங்கள், மதிப்பார்கள்.

வருகை அட்டையில் மின்னஞ்சல் மட்டும் எழுதினால் போதும், தொலைபேசி எண் கட்டாயமில்லை. உறுப்பினராக அவசரமும் இல்லை. விரும்பினால் சில அமர்வுகள் கொண்ட அறிமுக வகுப்பு இருக்கும். முன்பு வேறு சபையில் பெற்ற ஞானஸ்நானம் பெரும்பாலும் அப்படியே ஏற்கப்படும், மறுபடி பெறச் சொல்வதில்லை.